ஏரி பார்த்த மேசை

பெரம்பலூர்
12.6.2023

அன்புள்ள அக்காவுக்கு, பானு எழுதுறேன்.

கையெழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். பதறாதே, நான் நல்லா இருக்கேன். நீ, மாமா, புள்ளைங்க எல்லாரும் எப்படி இருக்கீங்க? அஞ்சு வருஷமா மனசுக்குள்ளயே கேட்டுக்கிட்டிருந்ததை இன்னிக்குத்தான் காகிதத்துல கேக்குறேன்.

போன வாரம் தா.பழூர்ப் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் எங்க ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தாங்க. பேச்சுவாக்குல விசாரிச்சேன். "எங்க ஊரு போஸ்ட் ஆபீஸ்ல இப்ப கவிதான்னு ஒரு அம்மாதான் எல்லாம். பாஸ்புக்குல எழுதுனா அச்சு மாதிரி இருக்கும்"னு சொன்னாங்க. அது நீதான்னு தெரிஞ்சுபோச்சு. போனை மாமாவும் தம்பி பிரசாத்தும் எடுத்துப் பாப்பாங்க. தபால் பையை நீதானே பிரிப்பே? அதான் இந்த இன்லண்ட் லெட்டர். பெரம்பலூர் ஆபீஸ்ல இதைக் கேட்டதுக்கு அந்த சார் ரெண்டு அலமாரி தேடிக் குடுத்தாரு.

நான் வேலை பாக்குற இடம் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில இருக்கு. 'ஆம்பல்'னு பேரு. குடும்பமா வந்து உக்காந்து சாப்பிடற இடம். ஒரு பக்கம் முழுசும் கண்ணாடி, அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி. மேசைக்கெல்லாம் வெள்ளைத் துணி விரிச்சு, கைத்துண்டை அல்லிப்பூ மாதிரி மடிச்சு வைப்போம். நான் அங்க கேப்டன். சிரிக்காதே, வர்றவங்களை உக்கார வச்சு, என்ன வேணும்னு எழுதிக்கிட்டு, சாப்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் அந்த மேசையைக் கவனிச்சுக்கிறவளுக்கு அதுதான் பேரு. மெரூன் கலர் கோட்டு குடுத்திருக்காங்க. கண்ணாடிக் கதவைப் பாத்ததும் கிராமத்து ஆளுங்க சில பேரு செருப்பைக் கழட்டிடுவாங்க. "போட்டுக்கிட்டே வாங்கம்மா"ங்கறதுதான் ஒரு நாள்ல நான் அதிகமா சொல்ற வார்த்தை.

அவரு உள்ள சமையல்ல இருக்காரு. என்னை நல்லா வச்சிருக்காரு.

ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் எழுது. அம்மா எப்பவாவது என் பேரைச் சொல்லுமா?

உன் தங்கச்சி
பானுப்ரியா


கிளை அஞ்சலகம், தா.பழூர் வழி
21.6.2023

என் தங்கம் பானுவுக்கு, அக்கா எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ உடம்பைப் பாத்துக்கறியா? பதினோரு மணிக்குப் பை வந்துச்சு. கொட்டுனா மேல உன் கடுதாசி. என் பேருக்கு வந்ததுக்கு நானே முத்திரை குத்துனேன். பென்ஷன் வாங்க வந்த அய்யாக்கண்ணு தாத்தா "ஏம்மா அழுவுற"ன்னு கேட்டாரு. கண்ணுல தூசின்னேன்.

இனிமே இப்படியே எழுது. வூட்டு விலாசத்துக்கு மட்டும் எழுதாதே. நீ போன அன்னிக்கு பிரசாத் என் போனை வாங்கி உன் நம்பரை அழிச்சான். மாமா "காலனிக்குப் போனவளோட பேச்சு வச்சுக்கிட்டா நீயும் அங்கயே போயிடு"ன்னாரு. அவரு கெட்டவர் இல்ல, உனக்கே தெரியும். அப்பாவுக்குச் சக்கரை இருக்கு. வயலுக்குப் போறாரு, வர்றாரு. யாரோடயும் பேச்சு இல்ல.

அம்மா நல்லா இருக்கு. உன்னைக் கேட்டுச்சு.

உன் அக்கா
கவிதா


பெரம்பலூர்
3.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் புள்ளைங்களும் சுகமா? இங்க ஒரு குறையும் இல்ல. உன் கடுதாசியோட கடைசி வரியை மட்டும் எத்தனை தடவ படிச்சேன்னு கணக்கில்ல. அவருகிட்டயும் காட்டுனேன். "பெத்த வயிறுல்ல"ன்னாரு.

எப்படிக் கேட்டுச்சு அக்கா? என்ன வார்த்தை சொல்லிக் கேட்டுச்சு? அடுத்ததுல மறக்காம எழுது.

எங்க ஹோட்டல்ல கண்ணாடியோரமா ஒரு நீள மேசை இருக்கு. அங்க உக்காந்தா ஏரி முழுக்கத் தெரியும். மழை பேஞ்சு தண்ணி ஏறிடுச்சுன்னா மார்கழியில எங்கெங்கேர்ந்தோ பறவை வரும். யாராவது வயசான அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து அங்க உக்கார வைக்கறப்ப எனக்கு நம்ம அம்மா ஞாபகம்தான். அது என்னிக்கு உக்காந்து சாப்பிட்டிருக்கு? எல்லாருக்கும் போட்டுட்டு, அடுப்படியில நின்னுக்கிட்டே தட்டைக் கையில வச்சுக்கிட்டுச் சாப்பிடும். ஒரு நாளைக்கு அந்த மேசையில உக்கார வச்சு, ஒவ்வொண்ணா நான் கொண்டாந்து வைக்கணும்.

கோட்டு போட்டு எடுத்த போட்டோ ஒண்ணு இந்தக் கவர்ல வச்சிருக்கேன். அம்மாகிட்டக் காட்டு.

அன்போட
பானு


கிளை அஞ்சலகம், தா.பழூர் வழி
9.11.2023

பானுவுக்கு அக்கா எழுதுறது.

சுகம்தானே? பதில் போட நாளாயிடுச்சு, கோச்சுக்காதே. நடவு, புள்ளைங்க பரீட்சை, ஆபீஸ்ல ஆதார் வேலைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு.

போட்டோவை அம்மா பாத்துச்சு. ரொம்ப நேரம் கையில வச்சிருந்துச்சு. "இளைச்சிட்டாளே"ன்னு சொல்லுச்சு. யாருக்கும் தெரியாம அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கு.

தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டுச்சு. உனக்குன்னு தனியா எடுத்து வச்சதைப் பார்சல் போட்டிருக்கேன். அவருக்கும் குடு.

அக்கா
கவிதா


பெரம்பலூர்
20.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாம் சுகம், அங்கயும் அப்படியே இருக்கணும். முறுக்கு உடையாம வந்து சேந்துச்சு. அவரு ஒண்ணு எடுத்து, கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்துட்டு அப்புறம்தான் சாப்பிட்டாரு. நம்ம வூட்டுலேர்ந்து அவரு வாங்கித் தின்ன முதல் பண்டம் இதுதான். சின்னப் புள்ளையில அவங்கம்மாவோட களத்துக்கு வந்தப்ப நம்ம வூட்டு வாசல்ல நின்னு சொம்புத் தண்ணியைக் கையில ஏந்திக் குடிச்சதைச் சொன்னாரு. வருத்தமா சொல்லல, சும்மா சொன்னாரு.

அம்மா முன்னெல்லாம் ஓமம்தான் போடும். இதுல எள்ளு இருந்துச்சு. வயசாக ஆகக் கைப்பக்குவம் மாறும்போல.

தை பொறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாயேன் அக்கா. செந்துறை ஆஸ்பத்திரிக்கு மூட்டுவலிக்குக் காட்டப் போறோம்னு சொல்லிட்டுக் கிளம்பிடு. அரியலூர் வந்து பஸ் மாறுனா ஒரு மணி நேரம். மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாயங்காலம் திரும்பிடலாம்.

எனக்கு இப்பல்லாம் சீக்கிரம் அசதியா வருது. மத்தபடி ஒண்ணுமில்ல.

பானு


கிளை அஞ்சலகம், தா.பழூர் வழி
18.12.2023

பானுவுக்கு,

எல்லாரும் நலம். நீ எப்படி இருக்கே? அசதின்னு எழுதியிருந்தியே, டாக்டர்கிட்டக் காட்டு.

அம்மாவுக்கு இப்ப பஸ் ஏற முடியாது. முட்டி வீங்கியிருக்கு. வெயில் வரட்டும், பாப்போம். அவசரப்படாதே.

பிரசாத்துக்குச் செட்டிகுளத்துல பொண்ணு பாத்திருக்கு. தையில நிச்சயம். வேற விசேஷம் இல்ல.

கவிதா


பெரம்பலூர்
30.1.2024

அக்கா,

நீ எப்படி இருக்கேன்னு கேக்க இன்னிக்கு மனசு இல்ல. ஆனா கேக்காம எழுதத் தெரியல. எப்படி இருக்கே?

ஞாயித்துக்கிழமை நீள மேசைக்கு ஆளு பதிஞ்சிருந்தாங்க. நோட்டுல 'முருகையன், செட்டிகுளம், 22 பேர், நிச்சயதார்த்த விருந்து, எல்லாம் சைவம்'னு எழுதியிருந்துச்சு. செட்டிகுளம்னதும் பிரசாத் ஞாபகம் வந்துச்சு. அந்த ஊருல எத்தனையோ வூடு, எத்தனையோ நிச்சயம்னு நினைச்சேன். நானே துணி விரிச்சேன். அல்லிப்பூ இருபத்திரெண்டு மடிச்சேன்.

ஒண்ணரை மணிக்கு வேன் வந்துச்சு. கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டு நின்னேன். முதல்ல பொண்ணு வூட்டுக்காரங்க. அப்புறம் அப்பா. அவரு என்னைத் தாண்டிப் போனாரு, முகத்தைப் பாக்கல. ஹோட்டல்ல கதவைத் திறக்குறவ முகத்தை யாரு பாக்குறா? பின்னாடி அம்மா. அரக்குப் பட்டு. கண்ணாடிக் கதவுகிட்ட வந்து செருப்பைக் கழட்டக் குனிஞ்சுச்சு.

"போட்டுக்கிட்டே வாங்கம்மா"ன்னேன்.

குனிஞ்ச அம்மா அப்படியே நின்னுச்சு. நிமிந்து பாத்துச்சு. செருப்பைப் போட்டுக்கிட்டு உள்ள போயிடுச்சு. எனக்குச் சந்தோஷம், அக்கா. சம்மந்தி முன்னாடி எதுவும் காட்டிக்க முடியாதுல்ல, நாமளே சூதானமா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். போட்டோவை அரிசிப் பானையில வச்சிருக்குற அம்மாவாச்சே.

ஏரியைப் பாத்த மாதிரி நடு நாற்காலியில அம்மாதான் உக்காந்துச்சு. நான் நினைச்ச அதே இடம். சூப்பு எடுத்துக்கிட்டு வந்தேன். பிரசாத் அப்பத்தான் என்னைக் கண்டான். முகம் கறுத்துப் போயி எழுந்திரிச்சான். அம்மா அவன் கையைப் புடிச்சு உக்கார வச்சுச்சு. எனக்குன்னு அது செஞ்சதா நினைச்சு என் கண்ணு கலங்கிடுச்சு. சூப்பை அம்மா முன்னாடி வச்சேன். ஒரு சொட்டு வெள்ளைத் துணியில விழுந்துச்சு.

அம்மா மேனேஜரைக் கூப்பிட்டுச்சு. சத்தம் போடல. சாதாரணமாத்தான் சொல்லுச்சு.

"தம்பி, இந்தப் பொண்ணு வேணாம். வேற ஆளை விடுங்க."

பொண்ணோட அம்மா கேட்டாங்க, "ஏன் சம்மந்தி, தெரிஞ்ச பொண்ணா?"

"இல்ல"ன்னுச்சு அம்மா.

நான் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வந்துட்டேன். மேனேஜர் பின்னாடியே வந்து "என்னம்மா தப்புப் பண்ணுனே"ன்னு கேட்டாரு. சூப்பு சிந்திட்டேன் சார்னு சொன்னேன். எங்க வூட்டுக்காரருகிட்ட மட்டும் யாரு வந்திருக்காங்கன்னு சொன்னேன். அவரு அடுப்பைக் கொஞ்சம் தணிச்சாரு. அப்புறம் காளான் பிரியாணியைக் கிளறி, மேல நெய்யில வறுத்த முந்திரி போட்டு அனுப்புனாரு. அப்பா ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். பரிமாறுன கலையரசன் அண்ணன் வந்து சொன்னாரு. "உப்பு சரியா இருந்துச்சாமா?"ன்னு மட்டும் அவரு கேட்டாரு.

அவங்க போற வரைக்கும் பாத்திரம் கழுவுற இடத்துல உக்காந்திருந்தேன்.

என்னைக் கேட்டுச்சுன்னு எழுதுனியே அக்கா. இளைச்சிட்டாளேன்னு சொல்லுச்சுன்னு எழுதுனியே. அது எந்த அம்மா?

பானு


கிளை அஞ்சலகம், தா.பழூர் வழி
5.2.2024

பானு,

சுகமான்னு கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

போட்டோவை அம்மா பாக்கவே இல்ல. ஆபீஸ்ல முத்திரைப் பெட்டிக்கு அடியில கிடக்கு. முறுக்கு நான் சுட்டது. எனக்கு எள்ளு போட்டாத்தான் வரும். அஞ்சு வருஷத்துல அம்மா உன் பேரை ஒரு தடவகூடச் சொன்னதில்ல. யாராவது சொன்னா எழுந்து போயிடும். ரேஷன் கார்டுலேர்ந்து உன் பேரை எடுக்குறதுக்குத் தாலுகா ஆபீசுக்கு அப்பா போகல, அம்மாதான் போச்சு.

நீ முதல்ல எழுதுன கடுதாசியில அந்த ஒரு கேள்வி இருந்துச்சே, அதுக்கு 'இல்ல'ன்னு என்னால எழுத முடியல. ஒரு வரிதானேன்னு எழுதிட்டேன். அப்புறம் நீ கேட்டே, நான் எழுதிக்கிட்டே போனேன்.

இன்னொண்ணும் இருக்கு. நிச்சயத்துக்கு நான் ஏன் வரலன்னு நீ கேக்கல. சின்னவளுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் எதுவும் இல்ல. முந்தின நாள் சாயங்காலமே பிரசாத் ஹோட்டல் பேரைச் சொல்லிட்டான். உங்க ஹோட்டல் நம்பர் தேடி எடுத்து வச்சிருந்தேன். போன் பண்ணியிருந்தா நீ லீவு போட்டிருப்பே. நான் பண்ணல. உன் முகத்தைப் பாத்தா அம்மா இளகிடும்னு நினைச்சேன். எழுதி எழுதி என் பொய்யை நானே நம்ப ஆரம்பிச்சிருந்தேன் பானு. ஆனா அங்க வந்து நிக்கத் தைரியம் இல்லாம வூட்டுலயே உக்காந்துட்டேன்.

மன்னிச்சிடுன்னு கேக்கல. ஒரு வரி எழுது.

கவிதா


கிளை அஞ்சலகம், தா.பழூர் வழி
1.3.2024

பானு,

நீ நல்லா இருக்கியா? அதை மட்டும் எழுது. தினம் பையைக் கொட்டுறேன். பேங்க் நோட்டீசும் எல்.ஐ.சி. கவரும்தான் விழுவுது.

அக்கா


பெரம்பலூர்
12.3.2024

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இரு.

கோவம் இருந்துச்சு. உன் கடுதாசி எல்லாத்தையும் கிழிக்க எடுத்தேன். அவருதான் வாங்கி வச்சாரு. "உங்கக்கா எழுதுனது பொய்யி. எழுதணும்னு நினைச்சது பொய்யில்லல்ல"ன்னாரு. எனக்கு அவ்வளவு பெரிய மனசு உடனே வரல. ஒரு மாசம் ஆச்சு.

நானும் உன்கிட்ட ஒண்ணைச் சொல்லாம இருந்தேன். நான் உண்டாயிருக்கேன். எட்டாவது மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. அதனாலதான் யாருக்கும் சொல்லல. அன்னிக்கு ஆறு மாசம், கோட்டு போட்டிருந்ததால வயிறு தெரிஞ்சிருக்காது. இப்ப லீவுல இருக்கேன்.

உன்கிட்ட ஒண்ணு கேக்குறேன். அம்மா ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு அதுகிட்டயே கேளு. என்ன சொல்லுதோ அதை மட்டும் எழுது. ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் சொல்லலன்னு எழுது. கூட ஒரு வார்த்தை சேத்துடாதே, குறைச்சுடாதே. தாங்கிக்குவேன்.

பானு


கிளை அஞ்சலகம், தா.பழூர் வழி
2.4.2024

என் தங்கம் பானுவுக்கு, அக்கா எழுதுறது.

நீயும் வயித்துல இருக்குறதும் சுகமா இருக்கணும். மாப்பிள்ளை தமிழ்மாறனையும் கேட்டதாச் சொல்லு. இத்தனை கடுதாசியில அவரு பேரை நான் ஒரு தடவகூட எழுதலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.

பத்து நாளைக்கு முன்னாடி அம்மா வூட்டுக்குப் போனேன். புளி உடைச்சுக் கொட்டை எடுத்துக்கிட்டிருந்துச்சு. நானும் உக்காந்தேன். அப்பா வயலுக்குப் போயிருந்தாரு.

"பானு உண்டாயிருக்கா. எட்டு மாசம்"னேன்.

கையில இருந்த வேலையை நிறுத்தல. எழுந்தும் போகல.

"நான் அவளோட எழுதிக்கிட்டிருக்கேன். நீ கேட்டே, நீ பேசுனேன்னு பொய் பொய்யா எழுதிட்டேன். ஏம்மா அன்னிக்கு அவளை வேணாம்னே?"

ஒரு தாம்பாளம் புளி முடிஞ்சுது. அப்புறம் சொல்லுச்சு.

"அவ கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. செருப்பு வாரு பதிஞ்சு போயி."

அவ்வளவுதான். தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. "நானே கூட்டிட்டுப் போறேன், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்"னு வாசல்லேர்ந்து சொன்னேன். உள்ளேர்ந்து பாத்திரச் சத்தம்தான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தடவ போனேன். உன் பேரை எடுத்தா பழையபடி எழுந்து போகுது.

இதுக்கு என்ன அர்த்தம்னு எழுதக் கை வருது. எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது பானு. அது சொன்னது இது, நான் கேட்டது இது.

மாமாகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் "சோறு போடு"ன்னாரு. குழந்தை பொறந்தா நான் வருவேன்.

உன் அக்கா
கவிதா


பெரம்பலூர்
12.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கும் புள்ளைங்களுக்கும் சுகம் கேட்டேன்னு சொல்லு. பாப்பா நல்லா இருக்கா. பால் குடிக்கிறா, அழுவுறா, தூங்குறா. நீ வந்துட்டுப் போன மறுநாளே தொப்புள்கொடி உதிந்துடுச்சு.

போன்லயே பேசியிருக்கலாம். சிலது வாயில வரமாட்டேங்குது.

ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்தேன். வார்டு கதவு திறக்கறப்பெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். நீ நாலாம் நாள் வந்தே. உன்னைக் கண்டதும் அழுதேனே, அது உன்னைக் கண்ட சந்தோஷம்தான், ஆனா உன் பின்னாடி யாரும் வராம கதவு மூடுனதும் அதுல சேத்தி. நீயும் திரும்பிக் கதவைப் பாத்தே.

பக்கத்துக் கட்டில் பொண்ணோட அம்மா, எசனையிலேர்ந்து வந்தவங்க, பூண்டுக் குழம்பு வச்சு எனக்கும் சேத்துக் கொண்டாந்தாங்க. "உனக்கு அம்மா இல்லையா பாப்பா"ன்னு கேட்டாங்க. "இருக்காங்க"ன்னேன். அதுக்கு மேல அவங்க கேக்கல. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.

அம்மா சொன்ன ரெண்டு வரியை நானும் புரட்டிப் புரட்டிப் பாத்தேன். பாசமான்னு தெரியல, அவமானமான்னு தெரியல. ரெண்டும் இருக்கலாம். இனிமே அதுல தோண்டமாட்டேன். நீ அதை மாத்தாம எழுதுனே பாரு, அது போதும்.

ஆடி கழிஞ்சதும் வேலைக்குப் போவேன். பாப்பாவை அவரோட அம்மா பாத்துக்குறேன்னாங்க.

கால் வீக்கம் சுத்தமா வடிஞ்சிடுச்சு. இதை அம்மாகிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் தங்கச்சி
பானு